மந்தையின் நடுவே ஒரு நாய்

நுழையும்முன்

மனிதனோடு முதன்முதலில் உறவு பூண்ட விலங்கு நாய். ஆடும் மாடும் பன்னெடுங்காலம் கழித்தே அவனுடைய முற்றத்தை அடைந்தன. முன்னர் வந்த விலங்கின் மூதாதை, பின்னர் வந்தவற்றின் மூதாதையை வேட்டையாடி உண்டது. பகையாகத் தொடங்கிய இவ்வுறவைத் தொழுவத்திலும் பட்டியிலும் அமைதியான உடன்வாழ்வாக மாற்றுவது எங்ஙனம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பட்டிக்குள் நுழையும் நாய்

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் மழை குறைந்த மேட்டுநிலம். அங்குக் கிளுவையை வேலியாக வளர்த்து, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த மேய்ச்சல் காடுகளை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணி வருகின்றனர். கொறங்காடு என்பது அவற்றின் பெயர். பகலெல்லாம் அக்காட்டில் மேயும் செம்மறியாடுகள் இரவில் பட்டியில் அடைக்கப்படும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் இப்பகுதியின் பட்டிகளுக்குள் நாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற நிகழ்வுகள் அடுத்தடுத்து நேர்ந்தன. இழப்பீடு கேட்டு உழவர்கள் வீதிக்கு வந்து போராடினர்.

சிறு உழவர் குடும்பத்திற்கு ஆடு என்பது கையிருப்புப் பணம். பிள்ளையின் கல்விக் கட்டணத்திற்கும் திடீர் மருத்துவச் செலவிற்கும் முதலில் விற்கப்படுவது அதுவே. ஓரிரவில் பத்து ஆடுகள் மடிந்தால், அக்குடும்பத்தின் சேமிப்பு விடிவதற்குள் கரைந்துவிடுகிறது. கடிபடாமல் தப்பிய ஆடுகளும் நலமாக இருப்பதில்லை. அஞ்சிய ஆடுகள் ஒரு மூலையில் நெருக்கியடித்து நிற்கையில் மூச்சுத்திணறிச் சில இறக்கும். சினையாடுகள் கருச்சிதைவுக்கு உள்ளாகும். கறவை விலங்குகளின் பால் சுரப்புக் குறையும்.

தெருநாய்களே இதற்கு முழுக் காரணம் என்று எண்ணுவது எளிது. பகலில் வாசலில் வாலாட்டிப் படுத்திருக்கும் வளர்ப்பு நாயும், இரவில் அவிழ்த்துவிடப்பட்டு வேறு நாய்களோடு சேர்ந்தால் இதே செயலைச் செய்யக்கூடும். அவ்வாறு செய்த நாயின் முடிவு பெரும்பாலும் தடியாலோ நஞ்சாலோ நேர்கிறது. ஆட்டின் உயிர், நாயின் உயிர், அடுத்தடுத்த வீட்டாரின் நட்பு ஆகிய மூன்றும் ஒரே இரவில் அழிகின்றன. ஆகவே நாயைக் கால்நடைகளிடையே அமைதியாக இருக்கப் பழக்குவது, நாய் வளர்ப்போரின் பொழுதுபோக்கு அன்று; கால்நடை வளர்ப்பின் ஓர் அடிப்படைத் தேவை.

அமைதி என்னும் சொல்லையும் இங்குத் தெளிவாக உணர வேண்டும். அடிக்கு அஞ்சி ஒடுங்கிக் கிடக்கும் நாய் அமைதியான நாய் அன்று. கயிற்றால் இழுத்துப் பிடிக்கப்பட்டு, கண்ணை மட்டும் ஆட்டின்மீது நாட்டியிருக்கும் நாயும் அவ்வாறே. ஆட்டுக்குட்டி துள்ளி ஓடும்போதும் எவ்வித ஆணையும் இன்றி உடல் தளர்ந்து, பார்வையை வேறுபக்கம் திருப்பிக்கொள்ளும் நாயே அமைதியான நாய்.

துரத்தலின் வேர்

ஆட்டைக் கொல்லும் நாய் பசித்த நாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயிறு நிறைய உண்ட நாயும் பத்து ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டு, ஒன்றையும் தின்னாமல் திரும்பிவிடும். இப்புதிருக்கு விடை, ஓநாயிடமிருந்து நாய் பெற்ற வேட்டை ஒழுங்கில் உள்ளது. இரையைக் கூர்ந்து நோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்து உண்ணுதல் என அவ்வேட்டை படிப்படியாக நிகழும். ஓநாயிடம் இப்படிகள் அனைத்தும் ஒரு சங்கிலியாகத் தொடர்கின்றன. நாயிடம் இச்சங்கிலி பல இடங்களில் அறுந்துள்ளது. எந்தக் கண்ணி வலுப்பெற்றது, எந்தக் கண்ணி மெலிந்தது என்பது இனத்திற்கு இனம் வேறுபடும் என்பதை அமெரிக்க உயிரியலறிஞர் ரேமண்ட் காப்பிங்கர் விரிவாக ஆராய்ந்தார்.

இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் தோன்றிய பார்டர் கோலி, மந்தையை ஓட்டுவதற்கென வளர்க்கப்பட்டது. அதனிடம் கூர்ந்து நோக்கலும் பதுங்கலும் துரத்தலும் மிகுந்துள்ளன. கவ்வலும் கொல்லலும் அடங்கியுள்ளன. அதன் பார்வையே ஆடுகளை நகர்த்திவிடும். ஆஸ்திரேலிய மாட்டு நாயோ மாட்டின் குதிங்காலை மெல்லக் கடித்து நகர்த்தும். இத்தாலியின் மரெம்மா, துருக்கியின் கங்கால் போன்ற காவல் இனங்களில் வேட்டைச் சங்கிலி ஏறத்தாழ முழுதுமே உறங்கிக் கிடக்கிறது. அவை மந்தையை ஓட்டுவதில்லை, அதனுள்ளேயே வாழ்கின்றன. தமிழகத்தின் சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை விரட்டிப் பிடிப்பதற்குப் பெயர்பெற்றவை. ஓடும் பொருளைக் கண்டதும் பாய்வது அவற்றின் குருதியில் ஊறியது. அத்தகைய நாயைக் குற்றம் சொல்வது, பருந்தைப் பறக்காதே என்பதற்கு ஒப்பாகும். ஆயினும் அதனைப் பழக்குவதற்குக் கூடுதல் காலமும் கூடுதல் எச்சரிக்கையும் தேவை.

பட்டிக்குள் புகுந்த நாய் தொடர்ந்து கொல்வதன் காரணமும் இதுவே. திறந்தவெளியில் இரை தப்பி மறைந்ததும் துரத்தல் ஓய்ந்துவிடும். அடைபட்ட ஆடு தப்பிப்பதற்கு வழியின்றி நாயின் கண்முன்னே ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் ஓட்டமும் நாயின் துரத்தலை மீண்டும் தூண்டுகிறது.

இவ்விடத்தில் பயிற்சியாளர் மறக்கக்கூடாத உண்மை ஒன்று உண்டு. துரத்தல், தனக்குத்தானே பரிசாக அமையும் செயல். எலும்புத் துண்டையோ பாராட்டுச் சொல்லையோ எதிர்பாராமல், ஓடுவதில் கிடைக்கும் கிளர்ச்சிக்காகவே நாய் துரத்துகிறது. எனவே ஒருமுறை துரத்திய நாய் மறுமுறை துரத்துவதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. விளையாட்டாகத் துரத்துகிறது, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே பார்த்திருப்பது, அறியாமல் கொடுக்கும் பயிற்சியாகும்.

முதல் பன்னிரண்டு வாரங்கள்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கினர். அவர்களுடைய முடிவுகள் 1965இல் நூலாக வெளிவந்தன. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் தொடங்கி ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம், அது யாரோடு உறவு கொள்ளும் என்பதை உறுதிசெய்யும் காலம் என்று அவர்கள் கண்டனர். அக்காலத்தில் அருகிருந்த உயிர்களைக் குட்டி தன் இனமாக ஏற்கிறது. காணாதவற்றை அயலாகக் கருதுகிறது. வேலியிட்ட வெளியில் மனித உறவின்றிப் பதினான்கு வாரங்கள் வளர்க்கப்பட்ட குட்டிகள், அதன்பின் மனிதரைக் கண்டால் அஞ்சி விலகின என்பதை 1961இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆய்வுக்கூடம் இவ்வுண்மையைக் கண்டறிவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஆட்டிடையர்கள் அதனைக் கையாண்டு வந்தனர். 1833இல் பீகிள் கப்பற்பயணத்தின்போது இன்றைய உருகுவே நாட்டின் புல்வெளிகளில் தங்கிய சார்லஸ் டார்வின், அங்கிருந்த ஆட்டு மந்தைகளைக் கண்டு வியந்தார். வீடுகளிலிருந்து சில கல் தொலைவில், மனிதர் ஒருவரும் இல்லாமல், ஓரிரு நாய்களின் காவலில் பெரும் மந்தைகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்நாய்கள் வளர்க்கப்பட்ட முறையை அவர் கேட்டறிந்து எழுதினார். குட்டியை மிக இளமையிலேயே தாயிடமிருந்து பிரித்துவிடுவர். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை ஒரு பெண் ஆட்டிடம் பாலூட்டுவர். ஆட்டுப்பட்டியிலேயே கம்பளி மயிரால் அதற்குப் படுக்கை அமைப்பர். பிற நாய்களோடும் வீட்டுக் குழந்தைகளோடும் பழக விடமாட்டார்கள். இவ்வாறு வளர்ந்த நாய்க்கு மந்தையை விட்டு நீங்கும் விருப்பமே எழுவதில்லை.

டார்வின் கூறும் மற்றொரு செய்தி சுவையானது. மந்தையின் நாய் நாள்தோறும் இறைச்சிக்காக வீட்டுக்கு வரும். அதைப் பெற்றதும் வெட்கப்பட்டதுபோல் நழுவிவிடும். வீட்டு நாய்களுள் மிகச் சிறியதுகூட அதனை விரட்டிக்கொண்டு ஓடும். மந்தையை எட்டியதுமே அந்நாய் திரும்பி நின்று குரைக்கத் தொடங்கும்; விரட்டி வந்த நாய்கள் அனைத்தும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். வீட்டு வாசலில் அது தனி நாய். மந்தையின் நடுவே அது தன் கூட்டத்தோடு நிற்கும் நாய்.

தமிழகத்தில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் கீதாரிகளின் நாய்களும் இதற்கு நெருங்கிய சான்றுகள். நிலத்திற்கு எரு கிடைப்பதற்காக மந்தையை ஊர் ஊராக ஓட்டிச்செல்லும் அவ்விடையர்கள், நாய்க்கெனத் தனிப் பயிற்சிக்களம் அமைப்பதில்லை. கிடையிலேயே பிறந்த குட்டி, ஆட்டின் வாடையோடும் கதகதப்போடும் கண் திறக்கிறது. மறியாட்டின் முட்டலை வாங்கி, எங்கே நிற்கவேண்டும் எங்கே நிற்கக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்கிறது.

தெரிந்து தெளிவோம்

நாயை ஞமலி என வழங்குவது பூழிநாட்டார் வழக்கு என்று இலக்கண உரைகள் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தரும். கால்நடைகள் தங்கும் இடங்களுக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாடு கட்டும் இடம் தொழுவம். கொங்குப் பகுதியில் அது கட்டுத்தறி. ஆடுகளை அடைக்குமிடம் பட்டி. வயலில் எருவிற்காக மந்தையை இரவில் நிறுத்துவது கிடை.

தொழுவத்திற்கு வரும் குட்டி

ஏழெட்டு வார அளவில் பண்ணைக்கு வரும் குட்டியை முதல் நாளே மந்தைக்குள் விட்டுவிடுதல் தவறு. மாட்டின் ஓர் உதையோ கிடாயின் ஒரு முட்டோ அதன் எலும்பை முறித்துவிடும். உயிர் பிழைத்தாலும் அச்சம் நிலைத்துவிடும். அஞ்சிய நாய் பிற்காலத்தில் ஆட்டைக் கண்டு ஓடலாம், அல்லது முந்திக்கொண்டு கடிக்கலாம். இரண்டுமே பயனற்றவை. பட்டியின் ஒரு மூலையில் மூங்கில் தட்டியாலோ கம்பிவலையாலோ சிறு அடைப்பு அமைத்து, குட்டியை அதனுள் இருத்துவதே பாதுகாப்பானது. ஆடுகள் அதனை மோந்து பார்க்கும்; அதுவும் ஆடுகளை மோந்து பார்க்கும். உணவும் உறக்கமும் அங்கேயே நிகழ வேண்டும். ஆயினும் உணவுத் தட்டை ஆடு நெருங்க இயலாத இடத்தில் வைப்பது நன்று. தன் உணவுக்கு ஆட்டைப் போட்டியாகக் கருதத் தொடங்கிய நாய் அதன்மீது உறுமும்.

முதலில் அறிமுகம் செய்யத்தக்கவை, நாயைக் கண்டு மிரளாத முதிர்ந்த ஆடுகள். அவை ஓடுவதில்லை; ஓடாத ஆட்டைத் துரத்தவும் இயலாது. குட்டி வரம்பு மீறினால் தலையைத் தாழ்த்தி ஒரு தட்டுத் தட்டும். அத்தண்டனை மனிதன் தருவதைவிட விரைவானது, அளவானது, பகை எச்சமற்றது. புதிதாகக் கன்று ஈன்ற பசுவிடம் மட்டும் குட்டியைக் கொண்டுசெல்லவே கூடாது. நாளெல்லாம் சாதுவாக நின்ற பசுவும் கன்றருகே நாயைக் கண்டால் கொம்பைத் தாழ்த்திப் பாயும்.

ஐந்தாறு மாதங்கள் இவ்வாறு நல்ல முறையில் வளர்ந்த நாய், திடீரென்று ஒருநாள் ஆட்டின் காதைக் கவ்வி இழுக்கும். கம்பளி மயிரைப் பிடுங்கும். குட்டிகளை விளையாட்டாக விரட்டும். உரிமையாளர் பலரும் நம்பிக்கை இழப்பது இக்கட்டத்தில்தான். இது நாயின் விடலைப் பருவம். ஒன்றரை வயது வரை, சிலவற்றில் இரண்டு வயது வரை, இது நீடிக்கும். இப்பருவத்தில் நாயைக் கண்காணிப்பின்றி மந்தையோடு விடக்கூடாது. வேலைக்குச் செல்லும் வேளையில் அதனைத் தனி அடைப்பில் விட்டுச் செல்லவேண்டும். துள்ளும் இளங்குட்டிகளிடமிருந்து பிரித்து, முட்டத் தயங்காத பெரிய ஆடுகளோடு வைப்பதும் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஆட்டிடையர்கள், மந்தையை விட்டு விலங்குகளை விரட்டியோடும் நாயின் கழுத்தில் சிறு மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிடுவர். நடக்கும்போது அது தடையாவதில்லை. ஓடத் தொடங்கினால் முன்னங்கால்களில் இடிக்கும். தமிழகத்தில் ஓடும் மாட்டின் கழுத்தில் கட்டை கட்டும் வழக்கத்தோடு இது ஒத்திருப்பது கருதத்தக்கது.

நமீபியா நாட்டின் பட்டறிவு இவற்றுக்கெல்லாம் சான்றாகும். அங்குச் சிறுத்தைவேங்கைகள் ஆடுகளைக் கொன்றதால், உழவர்கள் அவற்றைச் சுட்டும் பொறிவைத்தும் அழித்தனர். லாரி மார்க்கர் 1990இல் நிறுவிய சிறுத்தைவேங்கைப் பாதுகாப்பு நிதியம், 1994 முதல் துருக்கி நாட்டுக் காவல்நாய்க் குட்டிகளை உழவர்களுக்கு வழங்கத் தொடங்கியது. நாய் இருந்த மந்தைகளில் இழப்புப் பெரிதும் குறைந்தது. எனினும் எல்லாக் குட்டிகளும் குறையின்றி வளர்ந்துவிடவில்லை. சில காட்டு விலங்குகளைத் துரத்தின. சில மந்தையை விட்டு வீட்டிலேயே தங்கின. சில ஆடுகளையே துன்புறுத்தின. அவற்றுள் பலவற்றைப் பயிற்சியால் திருத்த முடிந்தது. பரம்பரையாகக் காவலுக்கென்றே வளர்க்கப்பட்ட இனத்திற்கும் இளமையில் மேற்பார்வை தேவைப்பட்டது என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி.

வளர்ந்த நாயைப் பழக்குதல்

நகரத்திலிருந்து பண்ணைக்கு வரும் நாய்க்கும், ஆட்டையே காணாமல் வளர்ந்த நாய்க்கும் இளமையின் பன்னிரண்டு வாரங்களை மீட்டுத்தர இயலாது. அவற்றுக்கு வேறு வழி உண்டு. அது நெடிய வழி.

உணவின் செரிமானத்தை ஆராய்ந்து 1904இல் நோபல் பரிசு பெற்ற உருசிய அறிஞர் இவான் பாவ்லவ், உணவுக்கு முன் தவறாமல் வரும் ஒலியைக் கேட்ட அளவிலேயே நாய்க்கு உமிழ்நீர் ஊறுவதைக் கண்டார். இரு நிகழ்வுகள் தொடர்ந்து இணைந்து வந்தால், முதலாவது நிகழ்வு இரண்டாவதன் உணர்வை எழுப்பிவிடும். ஆட்டைக் கண்டால் கிளர்ச்சி என்றிருப்பதை, ஆட்டைக் கண்டால் உரிமையாளரிடம் திரும்பு, தின்பண்டம் கிடைக்கும் என மாற்றுவதே வளர்ந்த நாய்க்குரிய பயிற்சியின் கரு.

இப்பயிற்சியில் தொலைவே முதன்மையானது. வேலிக்கு ஐம்பது அடி தொலைவில் நாய் கிளர்ச்சி அடைந்தால், பயிற்சி நூறு அடியில் தொடங்க வேண்டும். நாயின் உடலே அளவுகோல். காதுகள் முன்னோக்கி விறைத்து, வாய் இறுக மூடி, வால் அசைவின்றி உயர்ந்து, உடலின் எடை முன்னங்கால்களுக்கு நகர்ந்து, பார்வை ஓரிடத்தில் நிலைகுத்திவிட்டால் அது வேட்டையின் முதற்படிக்கு வந்துவிட்டது. அந்நிலையில் அழைத்தாலும் அதன் காதில் விழாது. தின்பண்டத்தை மூக்கருகே நீட்டினாலும் ஏற்காது. நாயின் பெயரை உரக்கக் கூவிக் கயிற்றை இழுப்பதால் பயனில்லை. பின்னோக்கி நடந்து தொலைவைக் கூட்டுவதே செய்யத்தக்கது. வாய் திறந்து தளர்ந்து, கண் அங்குமிங்கும் அலைந்து, நிலத்தை மோந்து, தானாகவே உரிமையாளரை நோக்கித் திரும்பினால் நாய் கற்கும் நிலையில் உள்ளது. அவ்வாறு திரும்பிய நொடியிலேயே தின்பண்டம் தரப்பட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும், எதற்காகக் கிடைத்தது என்பது நாய்க்கு விளங்காது.

பயிற்சி ஒருமுறைக்குப் பத்து நிமிடங்களைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்குமுன் நாயை நன்கு நடக்கவிட்டு, அதன் மிகையாற்றலைத் தணித்திருப்பது நலம். ஆடுகள் வயிறு நிறைய மேய்ந்து, படுத்து அசைபோடும் வேளையே தொடக்கத்திற்கு ஏற்றது. அசையாது கிடக்கும் ஆட்டிடம் அமைதி பழகிய நாயை, நடக்கும் ஆட்டிடம் மீண்டும் முதலிலிருந்து பழக்க வேண்டும். அதன்பின் ஓடும் ஆட்டிடம். மாலையில் பட்டி திறந்து ஆடுகள் முண்டியடிக்கும் நேரம் இறுதித் தேர்வுக்கு உரியது. ஓரிரு அடி நெருங்குவதற்கு ஒரு வாரம் ஆவது இயல்பே. இவ்வளவு பொறுமை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர் நாயைக் கயிற்றிலேயே வைத்திருப்பது நேர்மையான முடிவாகும்.

வேலிக்கு உள்ளே செல்லும் நாள் வந்தபின்னரும், நாயின் கழுத்துப்பட்டையில் முப்பது அடி நீளக் கயிறு ஒன்று தரையில் இழுபட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அது இழுப்பதற்கன்று, தவறு நேர்ந்தால் காலால் மிதித்து நிறுத்துவதற்கு. பயிற்சிக் காலம் முழுதும் ஒருமுறைகூடத் துரத்தல் நிகழாமல் காப்பதே அக்கயிற்றின் பணி.

ஆட்டைக் கண்டு பாய்ந்த நாயை அங்கேயே அடிப்பது பரவலான வழக்கம். கொடுமை என்னும் காரணத்தை ஒதுக்கிவைத்து, பயனை மட்டும் நோக்கினாலும் அது தீங்கே விளைவிக்கிறது. பாவ்லவின் கண்டறிவு இங்கும் செயற்படும். ஆடு வந்தால் அடி விழுகிறது என்று நாய் கற்றுக்கொள்கிறது. உரிமையாளர் அருகிருக்கும்போது அது ஆட்டைத் தவிர்க்கும்; அவர் அகன்றபின் தனக்கு வலி தந்த விலங்கைப் பழைய கிளர்ச்சியோடு வெறுப்பும் சேர அணுகும். அடிக்கு முன் எழுந்த உறுமலை மட்டும் அடி நிறுத்திவிடுகிறது. இனி அந்நாய் உறுமாமலே கடிக்கும்.

கோழிகளும் பெங்குவின்களும்

ஆடு, மாடுகளைவிடக் கோழியிடம் நாயை அமைதியாக வைத்திருப்பது கடினம். கோழி சிறியது, எதிர்பாராமல் சிறகடிக்கும், அலறும், நாயின் வாய்க்குள் அடங்கும் அளவினது. முட்டித் தள்ளி நாய்க்குப் பாடம் கற்பிக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆகவே கோழிப்பண்ணையில் பழகித் தேறிய நாய், பயிற்சியின் உச்சத்தைத் தொட்ட நாய் எனலாம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் என்னும் கடற்கரை நகரை ஒட்டிச் சிறு தீவு ஒன்று உள்ளது. அலை வற்றும்போது நரிகள் கரையிலிருந்து அத்தீவுக்கு நடந்து சென்று, அங்கு வாழ்ந்த குறும்பெங்குவின்களைக் கொன்றன. நூற்றுக்கணக்கில் இருந்த பறவைகள் 2005ஆம் ஆண்டளவில் பத்துக்கும் குறைந்தன. தம் பண்ணைக் கோழிகளை நரிகளிடமிருந்து மரெம்மா நாய்களைக் கொண்டு காத்துவந்த ஆலன் மார்ஷ் என்னும் உழவர், அந்நாய்களையே பெங்குவின்களுக்கும் காவல் வைக்கலாம் என்றார். 2006இல் அத்திட்டம் தொடங்கியது. நாய்கள் தீவில் இருந்த பருவங்களில் நரிகள் நெருங்கவில்லை. பெங்குவின்கள் மீண்டும் நூறைக் கடந்தன. 2017இல் கடல் கொந்தளிப்பினால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுசெல்ல இயலாத நாள்களில் நரிகள் புகுந்து பல பறவைகளைக் கொன்றன. நாயின் அமைதி எத்தகைய காவலாக இருந்தது என்பதை, அது இல்லாத சில இரவுகள் காட்டின.

எல்லைகளும் சில எச்சரிக்கைகளும்

எந்நாயையும் எந்த மந்தையோடும் பழக்கிவிடலாம் என்று கூறுவது மிகை. ஒருமுறை ஆட்டைக் கொன்ற நாயைப் பட்டிக்குள் மீண்டும் நம்பி விடுவது அறிவுடைமை ஆகாது. அதற்குரிய இடம் கால்நடை இல்லாத வீடு. நன்கு பழகிய நாயும் வேறு நாய்களோடு சேர்ந்தவுடன் தன் பழக்கத்தை மறந்துவிடக்கூடும். கூட்டத்தில் ஒன்று ஓடினால் மற்றவையும் ஓடும். தன் மந்தையின் ஆட்டோடு உறங்கும் நாய், அடுத்த தோட்டத்து ஆட்டை அயலாகக் காண்பதும் உண்டு. ஆதலால் மந்தையோடு தங்காத வளர்ப்பு நாயை இரவில் கட்டிவைப்பதும் அடைத்துவைப்பதும் பயிற்சி முடிந்தபின்னும் தொடர வேண்டிய கடமைகள். நாய்களுக்கு உரிய காலத்தில் கருத்தடை செய்தால், அவை இணைதேடி ஊர் சுற்றுவதும் கூட்டம் சேர்வதும் குறையும்.

மந்தையோடு வாழும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்படவேண்டும். குடற்புழு நீக்க மருந்தும் அதற்கு இன்றியமையாதது. நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் புல்வழியே ஆட்டை அடைந்து, அதன் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. அம்முட்டைகள் மனிதரின் உடலில் புகுந்தாலும் அதே நோய் தோன்றும். அறுத்த ஆட்டின் கழிவுறுப்புகளைப் பச்சையாக நாய்க்கு எறிந்தால், புழு மீண்டும் நாயை அடைந்து சுழற்சி முழுமையாகிறது. வேகவைத்துக் கொடுத்தால் அச்சுழற்சி அறுபடும்.

ஈற்றுக்காலத்தில் நச்சுக்கொடியை நாய் தின்ன விடுவதும் தவிர்க்கத்தக்கது. பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் ஒருவகை ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, இவ்வழியே நாய்க்குச் சென்று, அதன் மலத்தின்வழி மீண்டும் தீவனத்தில் கலக்கக்கூடும். ஈன்ற பசுவின் நச்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் உண்டு. பால் பெருகும் என்னும் நம்பிக்கையில் எழுந்த வழக்கம் அது. நாய்க்கு எட்டாத உயரத்தில் அதை வைத்துவிடுவது அவ்வழக்கத்தின் கேட்காமல் கிடைத்த பயன். ஆலமரம் அருகில் இல்லாத பண்ணைகளில், நாய் தோண்டி எடுக்க இயலாத ஆழத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கின்றனர்.